மருத்துவ உளவியலில் எம்.ஃபில். முடித்து, இப்போது பிஎச்.டி.: பயிற்சி எப்படி இருந்தது, முடித்தபின் மலையிலேயே இருக்கலாமா?

குன்னூர்_சாரல் | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் குன்னூர். எம்.எஸ்சி. சைக்காலஜிக்குப் பிறகு இரண்டு வருடம் மருத்துவ உளவியலில் எம்.ஃபில். முடித்தேன். இப்போது பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு. பல்கலைக்கழகப் பதிவு கீழே கோவையில், களப்பணி முழுக்க நம் நீலகிரி மலையில். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களின் மனச்சோர்வுதான் என் ஆய்வு.

இன்னும் இரண்டு வருடத்தில் தீசிஸ் கொடுத்துவிடுவேன். அதன்பிறகு இங்கேயே உட்காருவதா, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. கேட்பதற்கு முன்னால், பயிற்சியில் என் மனதில் தைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் கேள்வியே அங்கிருந்துதான் வருகிறது.

எம்.ஃபில். முதல் வருடம். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒன்பது வயதுப் பையனை அழைத்து வந்திருந்தார்கள். படிப்பு ஏறவில்லை, பள்ளியில் சான்றிதழ் கேட்கிறார்கள். வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டேன். அன்றாடக் காரியங்களைக் குழந்தை வயதுக்கேற்ப எவ்வளவு தானாகச் செய்கிறது என்று பார்க்கும், 89 கேள்விகள் கொண்ட அளவுகோல் அது. மாலின் என்பவர் இந்தியாவுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தது. அக்கம்பக்கம் தனியாகப் போவானா? பள்ளிக்குத் தனியாகப் போவானா? ஊருக்குள் தன்னிஷ்டத்துக்குச் சுற்றி வருவானா? எல்லாவற்றுக்கும் “இல்லைங்க, விடறதில்லைங்க” என்றார். மூன்றுக்கும் கழித்தல் குறி போட்டுக் கூட்டி, சூப்பர்வைசரிடம் கொண்டு போனேன்.

மேடம் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “ஏன் விடறதில்லைன்னு கேட்டியாம்மா?”

கேட்கவில்லை. அம்மாவும் பையனும் அதற்குள் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஓடிப்போய்ப் பிடித்தேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “கரடி வருதுங்களே. போன மாசம் பக்கத்து வீட்டு வாசல்லயே வந்து நின்னுச்சு. யாரு புள்ளைய தனியா விடுவாங்க?” என்றார்.

செய்யும் திறன் இருக்கிறது, ஆனால் வாய்ப்பே கிடைக்கவில்லை என்று தனியாகக் குறிக்க அந்த அளவுகோலிலேயே வழி இருக்கிறது. அதற்கு மதிப்பெண் கணக்கும் வேறு. பாடத்தில் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியும் இருந்தேன். அந்த வீட்டு வாசலில் நிற்கும் கரடியோடு அதைச் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. மறுபடி குறித்தபோது பையனின் சமூக வயது அரை வருடத்துக்கு மேல் கூடியது.

நான் பிறந்து வளர்ந்ததே இந்த மலையில். எனக்கே கேட்கத் தோன்றவில்லை என்றால், வேறெங்கிருந்தோ வந்து இங்கே சோதனை செய்பவருக்கு எப்படித் தோன்றும்? அதனால் இங்கேயே இருக்க ஆசை. ஆனால் அன்றைக்கு மேடம் இல்லாமல் போயிருந்தால் அந்தத் தப்பு ரிப்போர்ட்டாகவே போயிருக்கும். அதனால் பயமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

நடுவட்டம்வாசி | திங்கள், இரவு 11.05

தங்கச்சி, நல்ல கேள்வி. நானும் இதே துறைதான், இந்திய மறுவாழ்வு மன்றத்தின் (ஆர்.சி.ஐ.) பதிவு வாங்கிப் பதினான்கு வருடம் ஆகிறது. சொந்த ஊர் நடுவட்டம், வேலை கோவையில்.

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். முதல் மூன்று வருடமாவது தலைக்கு மேல் இரண்டு சீனியர்கள் இருக்கும் இடத்தில் வேலை பாருங்கள். தனியாக உட்காராதீர்கள்.

படித்து முடித்ததும் நான் சேர்ந்த முதல் இடம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். சம்பளம் 15,000. ஒரு நாளைக்கு ஆறு ஐ.க்யூ. சோதனை, சாயங்காலத்துக்குள் ஆறு ரிப்போர்ட். என் ரிப்போர்ட்டை யாரும் படித்துத் திருத்தியதே இல்லை. எண்ணை மட்டும் பார்ப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள். ஒன்றரை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது வேகம் மட்டும்தான்.

அப்புறம் சனிக்கிழமைதோறும் ஊட்டியில் ஓர் அறை எடுத்துத் தனியாகப் பார்க்க ஆரம்பித்தேன். டிசம்பர் கடைசி, உறைபனி விழும் நாட்கள். நாற்பது வயது இருக்கும் ஒருவர், தூக்கம் வரவில்லை என்று வந்தார். அடையாளம் தெரியாதபடி சில விஷயங்களை மாற்றித்தான் சொல்கிறேன். புறங்கை முழுக்க வெடிப்பு, விரல் மடிப்பில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். மலையில் வளர்ந்த எவனும் பனிக்காலத்தில் வெடித்த கையைப் பார்த்து ஏன் என்று கேட்க மாட்டான். என் அப்பாவின் கையும் அப்படித்தான் இருக்கும். தூக்கத்துக்கு வேண்டியதை மூன்று அமர்வுகள் சொல்லிக் கொடுத்தேன். நான்காவது முறை அவர் மனைவி கூட வந்தார். “சார், பச்சைத் தண்ணியில ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கை கழுவுறாருங்க” என்றார்.

எண்ணச் சுழற்சி நோய், ஓசிடி. நான்கு வாரம் என் கண் முன்னால் இருந்தது. வேறு மண்ணிலிருந்து வந்த ஒரு சீனியர் பக்கத்தில் இருந்திருந்தால் முதல் நாளே கையைப் பற்றிக் கேட்டிருப்பார். உங்கள் கரடிக் கதையின் மறுபக்கம் இது. ஊர்க்காரனாக இருப்பதும் கண்ணை மறைக்கும்.

---

பந்தலூர்_அண்ணன் | செவ்வாய், காலை 6.20

நடுவட்டம் சார், நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் “மூன்று வருடம் கீழே இருந்துவிட்டு வருகிறேன்” என்று போனவர்களில் ஒருத்தரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. நீங்களும் வரவில்லையே சார். குறையாகச் சொல்லவில்லை.

நான் கிராம சுகாதாரத் திட்டங்களில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து ஊட்டிக்குப் போய் மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். நோயாளிக்கும் கூலி போச்சு, கூட்டிப் போகிறவருக்கும் கூலி போச்சு. ஜூன், ஜூலையில் தேவாலாவில் மழை பிடித்துக்கொண்டால் ரோடு இருக்குமா என்பதே சந்தேகம். அதனால் பாதிப் பேர் எல்லை தாண்டி சுல்தான் பத்தேரிக்குப் போகிறார்கள். அங்கே மலையாளத்தில் பேச வேண்டும். உடம்பு வலியென்றால் கையைக் காட்டிச் சமாளிக்கலாம், மனசு வலியை எந்தக் கையைக் காட்டிச் சொல்வது?

மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அந்தக் குழுவில் மனநல மருத்துவரோடு மருத்துவ உளவியலாளருக்கும் இடம் உண்டு. இடம் இருந்தாலும் வந்து உட்கார ஆள் வேண்டுமே. அம்மணி, நீங்கள் வாருங்கள்.

---

மஞ்சூர்_மாணவி | செவ்வாய், காலை 10.15

அக்கா, நான் எம்.எஸ்சி. கடைசி வருடம். எனக்கு அடிப்படையே குழப்பமாக இருக்கிறது. எம்.ஃபில். எடுத்துவிட்டார்கள் என்கிறார்கள், இருக்கிறது என்கிறார்கள். நேராகப் பிஎச்.டி. சேர்ந்தால் மருத்துவ உளவியலாளர் ஆகிவிடலாமா? செலவு எவ்வளவு ஆகும்? வீட்டில் அப்பாவுக்குக் கேரட் தோட்டம்தான், விலை ஒரு வருடம் இருந்தால் ஒரு வருடம் இல்லை.

---

குன்னூர்_சாரல் | செவ்வாய், இரவு 8.30

மஞ்சூர்த் தங்கச்சி, முதலில் உனக்கு. இதில் ஏமாந்தவர்கள் நிறைய, கவனமாகப் படி.

பிஎச்.டி. மட்டும் முடித்தால் “டாக்டர்” என்று போட்டுக்கொள்ளலாம், மருத்துவ உளவியலாளர் ஆக முடியாது. பிஎச்.டி. ஆய்வுப் பட்டம். நோயாளியைப் பார்க்கும் உரிமை, இந்திய மறுவாழ்வு மன்றம், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த மருத்துவப் பயிற்சியிலிருந்து வருகிறது. மன்றத்தின் சட்டம் 1992இல் வந்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளர் யார் என்பதை ஆர்.சி.ஐ. அங்கீகாரத்தை வைத்துத்தான் சொல்கிறது. பெங்களூரில் இன்றைக்கு நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனமாக இருக்கும் இடத்தில் 1955இல் இந்தப் பயிற்சி ஆரம்பித்த காலத்திலிருந்தே விஷயம் ஒன்றுதான். வார்டில், ஓபியில், சூப்பர்வைசர் கண்காணிப்பில், முழு நேரமாக இருந்து கற்க வேண்டும். அஞ்சல் வழியில் வராது.

எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2022 விதிகளில் நிறுத்திவிட்டது. மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 சேர்க்கை வரை அவகாசம் கொடுத்தது. முதுகலைக்குப் பிறகு சேரும் சை.டி. என்ற தொழில்முறை முனைவர் படிப்பும் இருக்கிறது. நீ எதில் சேர்ந்தாலும் ஒன்று செய். அந்தக் கல்லூரியின் அந்தப் படிப்பு, அந்த வருடத்துக்கு, ஆர்.சி.ஐ. பட்டியலில் இருக்கிறதா என்று நீயே தளத்தில் பார். கல்லூரி ஆபீசில் சொல்வதை வைத்துப் பணம் கட்டாதே. என்னோடு எம்.எஸ்சி. படித்த ஒருத்தி அப்படிக் கட்டிவிட்டு ஒரு வருடம் அழுதாள்.

செலவு. மத்திய அரசு நிறுவனங்களில் இடம் கிடைத்தால் ஸ்டைபெண்ட் உண்டு. நுழைவுத் தேர்வு கடினம், இடங்கள் கொஞ்சம். எனக்குக் கிடைக்கவில்லை. தனியார் இடத்தில் சேர்ந்தேன், ஸ்டைபெண்ட் இல்லை, அம்மாவின் வளையலை வைத்துத்தான் இரண்டாம் வருட ஃபீஸ் கட்டினோம். நெட் தேர்வு வழியாகக் கிடைக்கும் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகையை வாங்கிப் பிஎச்.டி. சேர்ந்த பிறகுதான் மீட்டோம். 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000. அதனால் எம்.எஸ்சி. முடிப்பதற்குள்ளேயே நெட் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்துவிடு. அப்பாவிடமும் எல்லாவற்றையும் இப்போதே சொல்லிவிடு.

நடுவட்டம் அண்ணா, அந்தக் கையை நான் மறக்கவே மாட்டேன். பந்தலூர் அண்ணா, உங்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறது, என் ஆய்வில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மனச்சோர்வுக்கு பிஎச்க்யூ-9 என்ற வினாப்பட்டியலை வைத்திருக்கிறேன். ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். அதில் ஒரு கேள்வி, சோர்வாக, தெம்பில்லாமல் இருக்கிறதா என்பது. காலையிலிருந்து சரிவில் நின்று கொழுந்து எடுத்துவிட்டு, எடை போடும் இடத்தில் கூடையை இறக்கி வைத்த பெண்ணிடம் இதைக் கேட்டால் என்ன சொல்வார்? எல்லோருமே “தினமும்” என்கிறார்கள். எல்லோருக்கும் 3. தூக்கத்திலும் இதே கதைதான், காட்டெருமை தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுப் பக்கம் வந்தால் யாரும் தூங்குவதில்லை. கடைசியில் பாதித் தோட்டத்துக்கே மனச்சோர்வு என்று கணக்கு வந்து நிற்கும்.

மறுபக்கம், உண்மையிலேயே மனம் உடைந்தவர்கள் “சோகமாக இருக்கிறதா” என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். போன வாரம் ஒரு அக்கா ஒன்பதுக்கும் சாதாரணமாகப் பதில் சொல்லிவிட்டு, எழுந்து போகும்போது “எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு, வாய்க்கு ருசி போயி ரெண்டு வருசமாச்சு, அவ்வளவுதான்” என்றார். நான் மறுபடி உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். அவருக்கு உதவி தேவைப்பட்டது, ஏற்பாடு செய்தேன். ஆனால் என் தாளில் அவருக்கு வந்த மதிப்பெண் 6.

அண்ணா, உங்கள் பக்கத்தில் பெண்கள் இதை என்ன வார்த்தையில் சொல்வார்கள்?

---

பந்தலூர்_அண்ணன் | புதன், காலை 5.50

எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது. 1964 சாஸ்திரி - சிரிமாவோ ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பியவர்கள். என் பாட்டி கண்டியில் கொழுந்து எடுத்தவர், இங்கே வந்தும் அதே கூடை. பாட்டி ஒரு நாளும் “கவலை” என்று சொல்லி நான் கேட்டதில்லை. “நெஞ்சுக்குள்ள வெறிச்சோடிக் கெடக்கு” என்பார். “கை ஓடல, கால் ஓடல” என்பார். அண்ணன் தம்பி எல்லாம் அங்கேயே நின்றுவிட்டார்கள், அந்த ஆற்றாமை கடைசி வரை பாட்டிக்கு வாய்க்கு ருசி இல்லாமைதான்.

அப்புறம் எங்கள் பக்கம் தோட்டத்தில் ஒரு பழக்கம். மனசு விட்டுப்போன பெண் முதலில் நிறுத்துவது பேச்சை. பக்கத்து நிரையில் நிற்பவளோடு பேசாமல் கொழுந்து எடுப்பாள். அசதியைக் கேட்காதீர்கள் அம்மணி. “நிரையில பேச்சுக் கொடுக்கிறீங்களா” என்று கேட்டுப் பாருங்கள்.

---

நடுவட்டம்வாசி | புதன், மதியம் 1.10

பந்தலூர் அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு எழுதுகிறேன். தங்கச்சி, இதுதான் உங்கள் தீசிஸ். ஆனால் ஒரு எச்சரிக்கை. பிஎச்க்யூ கேள்விகளை நீங்களாக மாற்றக் கூடாது. மாற்றினால் அந்த 10 என்ற எல்லைக்கோட்டுக்கே அர்த்தம் போய்விடும். அதை அப்படியே கேளுங்கள். அதோடு ஐம்பது அறுபது பெண்களிடம் முழு மருத்துவ நேர்காணல் செய்யுங்கள். அதை வைத்துத்தான் எந்தக் கேள்வி இங்கே வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று காட்ட முடியும். நிரைப் பேச்சைத் தனிக் கேள்வியாகச் சேருங்கள், கைடிடமும் நெறிமுறைக் குழுவிடமும் திருத்தத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு.

பந்தலூர் அண்ணா, திரும்பி வரவில்லை என்று சொன்னீர்கள். உண்மைதான். வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று காரணம் சொல்லலாம். இரண்டு நாளாக அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை.

---

கோத்தகிரி_அம்மா | புதன், இரவு 7.45

படிப்பு விஷயத்தில் நான் என்ன சொல்வது என்று இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் மகனுக்குப் பதினொரு வயது. அறிவுசார் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கியிருக்கிறோம். நாற்பது சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் உதவித்தொகைக்கு வழி என்றார்கள், அலைந்து வாங்கினோம்.

சோதனை செய்த இடத்தில் நாலு பக்க ரிப்போர்ட் கொடுத்தார்கள். முழுக்க இங்கிலீஷ். நான் பத்தாவது வரை படித்தவள். மகனைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள மெடிக்கல் ஷாப் பையனிடம் காட்டினேன். அவன் நம்பரைப் பார்த்துவிட்டு “ரொம்பக் கம்மிக்கா” என்றான். கடையில் நாலு பேர் நின்றார்கள். எங்கள் சின்ன ஊரில், ஹட்டியில், எல்லோரும் சொந்தம், சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அந்த நாலு பக்கத்தில் என் மகனுக்கு என்ன வரும் என்று ஏதாவது எழுதியிருந்ததா? அவன் பாட்டு ஒரு தடவை கேட்டால் பாடுவான். மாட்டைத் தனியாகக் கட்டுவான். அதையெல்லாம் கேட்டார்கள், எழுதினார்களா என்று தெரியவில்லை. நீங்கள் எங்கே உட்கார்ந்தாலும் சரி, அம்மாக்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் தமிழில் எழுதித் தாருங்கள்.

---

நடுவட்டம்வாசி | புதன், இரவு 10.20

அம்மா, உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை, ஆனால் கேட்கிறேன். அப்படிப்பட்ட நாலு பக்கங்களை நான் நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன்.

சான்றிதழுக்குப் போகும் ரிப்போர்ட் அதற்குரிய வடிவத்தில்தான் இருக்க வேண்டும், அதை மாற்ற முடியாது. ஆனால் கூடவே ஒரு பக்கம் தமிழில் தர எந்தத் தடையும் இல்லை. மனநலச் சிகிச்சைக்கு வருபவருக்கு அவருக்குப் புரியும் மொழியில் தகவல் சொல்ல வேண்டும் என்று 2017 சட்டத்தின் 22ஆம் பிரிவே சொல்கிறது. பயிற்சியில் யாரும் எங்களுக்கு அதை எழுதப் பழக்கவில்லை. நானும் என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்குப் பழக்கவில்லை.

தங்கச்சி, ஒரு யோசனை. தீசிஸ் முடித்ததும் என்னோடு கோவையில் வாரம் மூன்று நாள், மலையில் இரண்டு நாள் என்று வையுங்கள். மலையில் பார்த்த கேஸ்களை வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனில் நாம் உட்கார்ந்து பேசுவோம், பெயர் ஊர் சொல்லாமல். கரடியையும் கையையும் யாராவது ஒருவர் பார்த்துவிடுவோம். சனிக்கிழமை நானும் பழையபடி மேலே வருகிறேன். கூடலூரில் இடம் கிடைக்குமா என்று பந்தலூர் அண்ணன் பார்த்துச் சொல்லட்டும்.

---

பந்தலூர்_அண்ணன் | வியாழன், காலை 6.05

இடம் இருக்கிறது சார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரம்தான். பின்பக்கம் தனி வாசல் இருக்கிறது, யார் வந்து போகிறார்கள் என்று ரோட்டில் நிற்பவருக்குத் தெரியாது. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

---

குன்னூர்_சாரல் | வியாழன், இரவு 9.15

அண்ணா, வருகிறேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

கோத்தகிரி அம்மா, நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். யாரையும் குறிப்பதில்லை, மாதிரிதான். படித்துவிட்டு எங்கே புரியவில்லை என்று சொல்லுங்கள்.

“உங்கள் மகனுக்கு ஒன்பது வயது. அவனுடைய நுண்ணறிவு ஈவு சராசரியை விடக் குறைவாக இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் புதிதாக ஒன்றைக் கற்க அவனுக்கு மற்ற பிள்ளைகளை விட அதிக நேரமும், திரும்பத் திரும்பச் சொல்லித் தருவதும் தேவைப்படும். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது எல்லாம் தானாகச் செய்கிறான். காட்டு விலங்கு பயத்தால் வெளியே தனியாக அனுப்பவில்லை என்று சொன்னீர்கள், அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. கடையில் சில்லறை எண்ணி வாங்கப் பழக்குங்கள், முதலில் நீங்கள் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்.”

---

கோத்தகிரி_அம்மா | வெள்ளி, காலை 8.30

நுண்ணறிவு ஈவு என்றால் எனக்குத் தெரியவில்லை கண்ணு. அதை எடுத்துவிட்டாலும் மீதி எல்லாம் புரிகிறது. அவன் என்னென்ன தானாகச் செய்கிறான் என்கிற வரியைக் கொண்டு போய் முதலில் வையுங்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கு அடுத்த வரியைப் படிக்கத் தெம்பு வரும்.